செவியும் ஓர் அமானிதம்

 

நம் வீடுகளில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் அதன் வளர்ச்சியைக் கணக்கு வைப்பதற்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை. தலை நின்றுவிட்டதா என்று மூன்றாம் மாதத்தில் விசாரிப்பார்கள். குப்புற விழுந்துவிட்டானா என்பது ஐந்தாம் மாதத்துக் கேள்வி. பிறகு தவழ்ந்தானா, பல் முளைத்ததா, சுவரைப் பிடித்து நின்றானா, எட்டு வைத்தானா என்று வாசலில் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். 'காது கேட்கிறதா?' என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்டால் அது துர்க்குறியாகக் கொள்ளப்படும் என்ற தயக்கமும் உண்டு.

நம் தமிழில் குழந்தையின் பருவங்களைப் பாடுவதற்கென்றே பிள்ளைத்தமிழ் என்றோர் இலக்கிய வகை இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் இஸ்லாமியப் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடியுள்ளார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று அதில் ஓர் ஒழுங்கு உண்டு. தலையை நிமிர்த்தி ஆடுவதும் கைகொட்டுவதும் கண்ணால் காணத்தக்கவை. தால் பருவம் அவ்வாறன்று. நாவசைத்துப் பாடும் தாலாட்டு அந்தப் பிள்ளையின் செவியில் விழுகிறது என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்தப் பருவமே நிற்கிறது. அந்த நம்பிக்கையை நாம் சோதித்துப் பார்ப்பதில்லை. சோதிக்க வேண்டிய நிலை எங்கள் இல்லத்துக்கு வந்தது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் இரண்டாவது குழந்தை, மூத்த மகள் பிறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து அல்லாஹ் அருளிய ஆண்மகன். நாங்கள் காயல்பட்டினத்தில் வசிக்கிறோம். எங்கள் ஊர் வழக்கப்படி என் குடித்தனம் மனைவியின் இல்லத்தில்தான். வீட்டுக்கு நான்கு சுவர் தள்ளிப் பள்ளிவாசல். ஐவேளைப் பாங்கும் எங்கள் முற்றத்தில் நின்று சொல்வதைப் போலவே ஒலிக்கும். மாலையில் மதரஸாவில் ஏறத்தாழ முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் உரக்க ஓதுவார்கள். மகனை மடியில் வைத்துக்கொண்டு நான் பாடம் கேட்ட நாட்களும் உண்டு. அவன் எதற்கும் விழிக்கமாட்டான். சுப்ஹு பாங்கு அவனை அசைக்காது. முப்பது பிள்ளைகளின் ஓதலும் அசைக்காது. மனைவியின் தாயார் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். 'இப்படி ஒரு சாதுப் பிள்ளையை நம் குடும்பத்தில் கண்டதில்லை' என்பார்கள். ஓதலின் பரக்கத்தால் அமைதியாக உறங்குகிறான் என்று மதரஸாவுக்கு வரும் தாய்மார்களும் சொன்னார்கள்.

தலை உரிய காலத்தில் நின்றது. குப்புற விழுந்தான். முகத்தைக் கண்டால் சிரிப்பான். ஆறாம் மாதத்தில் தூக்கி உட்கார வைத்தால் இரண்டு கைகளையும் முன்னே ஊன்றிக்கொண்டு தவளைக்குஞ்சு போல் அமர்வான். எடை சரியாக ஏறியது. தடுப்பூசி அட்டையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பின. இப்படி ஒரு குழந்தையைப் பற்றி யாருக்கு என்ன ஐயம் வரும்?

எனக்கு ஐயம் வந்தது என் தொழிலின் வழியாக. நான் பிள்ளைகளுக்குத் தஜ்வீது கற்பிக்கிறவன். அரபு எழுத்துகள் பிறக்கும் இடங்களை மக்ரஜ் என்போம். இமாம் இப்னுல் ஜஸரி (ரஹ்) அவர்களின் கணக்குப்படி அவை பதினேழு. வாயின் வெற்றிடத்தில் இழுத்து ஒலிக்கும் நெடில்களை ஜவ்ஃபின் எழுத்துகள் என்றும், பா, மீம் போன்று இரு உதடுகளும் சேர்ந்து பிறப்பனவற்றை உதட்டு எழுத்துகள் என்றும் பிரித்துச் சொல்லித் தருகிறோம். ஒரு பிள்ளை வாயைத் திறந்தால் எழுத்து எங்கிருந்து வருகிறது என்று கவனிப்பது இருபது ஆண்டுகளில் எனக்கு மூச்சுவிடுவதைப் போன்ற பழக்கமாகிவிட்டது.

மூத்த மகள் ஏழாம் மாதத்தில் 'பபப', 'மமம', 'ததத' என்று நாள் முழுதும் ஓயாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள். மகனும் வாய் ஓயாதவன்தான். ஆனால் ஏழு மாதம் நிறைந்து எட்டாம் மாதம் நடக்கும்போதும் அவன் குரல் 'ஆ…', 'ஊ…' என்ற நெடில்களிலேயே நின்றது. ஜவ்ஃபை விட்டு அவன் ஒலி உதட்டுக்கு வரவில்லை. உதடு நன்றாக வேலை செய்கிறது. பால் குடிக்கிறான், எச்சிலைக் குமிழியிட்டு விளையாடுகிறான். எழுத்து மட்டும் பிறக்கவில்லை.

பின்னர் செவித்திறன் நிபுணர் இதை விளக்கினார். செவித்திறன் குறைந்த குழந்தையும் முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே குரலெழுப்பும். அழும், சிரிக்கும், 'ஆ', 'ஊ' என்று உரையாடும். ஆகையால் பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பத்து மாதங்களுக்குள் மெய்யொலியும் உயிரொலியும் சேர்ந்த அடுக்கு மழலை வரவேண்டும். அதற்குத் தன் குரலும் பிறர் குரலும் தன் செவியில் விழுந்தாக வேண்டும். செவி அடைபட்ட பிள்ளையிடம் அந்த இடத்தில்தான் தாமதம் வெளிப்படுகிறது.

நான் வீட்டில் பேச்செடுத்தேன். உடனே பலவிதமான சோதனைகள் நடந்தன. மைத்துனர் ஒருவர் குழந்தையின் பின்னால் நின்று இரு கைகளையும் பலமாகத் தட்டினார். குழந்தை திரும்பியது. மாமியார் சோற்றுத் தட்டொன்றைத் தரையில் போட்டார்கள். திடுக்கிட்டான். 'பேருந்து ஹாரனுக்கு அன்றைக்கு அலறினானே!' என்று சாட்சியம் சொன்னார்கள். 'மாப்புள்ள, உங்க மச்சான் மூணு வயசுலதான் வாயத் திறந்தான். இன்னைக்குத் துபாயில அவன் பேச்சுக்கு முன்னால நிக்க ஆளில்ல' என்று மாமியார் என்னைத் தேற்றினார்கள். அவர்களுடைய அன்பில் குறையில்லை. ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள், ஒரு வயதுவரை பொறுத்துப் பாருங்கள் என்று ஒரு மருத்துவரும் சொன்னபோது வீட்டார் நிம்மதியடைந்தார்கள்.

கைதட்டினால் காற்று கழுத்தில் படும். தட்டு விழுந்தால் தரை அதிரும். அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த அதிர்வு உடம்பில் தெரியும். பின்னால் நிற்பவரின் நிழல் முன்னால் விழும். அது செவியில்லாமலே திரும்பப் போதுமானது. ஹாரனுக்கு அலறுவதும் முழுச் சான்று ஆகாது. பேரொலி கேட்டு மெல்லொலி கேளாத செவியும் உண்டு. எனவே நான் வேறு விதமாகச் செய்தேன். மகளை அவனுக்கு எதிரே ஒரு பொம்மையுடன் அமர்த்தினேன். அவன் பார்வை அதில் நிலைத்த பின், ஜமுக்காளத்தின் மேல், கடைக்கண்ணுக்கும் எட்டாத தூரத்தில் அமர்ந்து மெதுவாக அவன் பெயரைச் சொன்னேன். காகிதத்தைக் கசக்கினேன். கரண்டியால் கோப்பை விளிம்பைத் தட்டினேன். மூன்று நாட்கள், வெவ்வேறு வேளைகளில், எழுதி வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒருமுறையும் அவன் திரும்பவில்லை. நான்காம் நாள் என் மனைவி அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, 'எப்போது போகிறோம்?' என்று மட்டும் கேட்டாள்.

பெரா எனப்படும் சோதனைக்குக் குழந்தை உறங்க வேண்டும். நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் சிறு மின்முனைகளை ஒட்டி, காதில் ஒலியைச் செலுத்தி, செவிநரம்பும் மூளைத்தண்டும் அதற்கு அளிக்கும் மறுமொழியைக் கணினியில் பதிவு செய்கிறார்கள். குழந்தை எதுவும் சொல்ல வேண்டியதில்லை, வலியும் இல்லை. சோதனை மேசையில் நன்றாக உறங்க வேண்டுமானால் அதற்கு முன் உறங்க விடாமல் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். காலை ரயிலில் திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம். நாசரேத் தாண்டியதும் கண் சொக்கத் தொடங்கினான். முகத்தில் ஈரத்துணியை ஒற்றினோம். வழியில் தாமிரபரணிப் பாலத்தைக் காட்டினோம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தோம். எதிரே இருந்த ஒரு மூதாட்டி, 'பிள்ளையைத் தூங்க விடுங்கப்பா, பாவம்' என்று கடிந்துகொண்டார்கள். விளக்கம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

இரு செவிகளிலும் 80 டெசிபல் அளவில்தான் மறுமொழி கிடைத்தது. நாம் இயல்பாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். அதாவது என் மகனுக்கு ஹாரன் கேட்டது. தாயின் பேச்சு கேட்கவில்லை.

முடிவை அறிந்த அன்றிரவு எனக்கு வந்த எண்ணங்களை மறைக்காமல் எழுதுகிறேன். இவன் பிறந்தபோது வலது காதில் பாங்கு சொன்னவன் நான். அபூ ராஃபிஉ (ரலி) வழியாக வரும் அந்த ஹதீஸின் தரம் குறித்து ஹதீஸ்கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதம் இக்கட்டுரையின் நோக்கமன்று. நம் முன்னோர் செய்துவந்தபடி நானும் செய்தேன். அது அவனுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தபோது நெஞ்சு கனத்தது. அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. ஊராரின் பிள்ளைகளுக்கெல்லாம் குர்ஆனை நாவில் பதித்துக் கொடுக்கிறவனின் பிள்ளை ஓதாமலே போய்விடுவானோ?

மறுநாள் மதரஸாவில் ஒரு மாணவன் முல்க் அத்தியாயத்தைப் பாடமாக ஒப்பித்தான். 23ஆம் வசனம் வந்தது. மனிதனைப் படைத்தவன் அவனுக்குச் செவியையும் பார்வையையும் உள்ளத்தையும் ஏற்படுத்தியதை அல்லாஹ் நினைவுபடுத்தி, நன்றி செலுத்துவோர் எத்துணைக் குறைவு என்று சுட்டும் இடம் அது. அந்நஹ்ல் 78, அல்முஃமினூன் 78, அஸ்ஸஜ்தா 9 ஆகிய வசனங்களிலும் இதே வரிசைதான். செவி முதலில், பார்வை அடுத்து, உள்ளம் அதன் பின். அந்நஹ்லில் இன்னொன்றும் உண்டு. தாயின் வயிற்றிலிருந்து வெளிவந்தபோது நாம் எதையும் அறியாதவர்களாக இருந்தோம் என்று தொடங்கி, அதன்பின் செவியைக் குறிப்பிடுகிறது. ஏன் செவி முதலில் என்று விரிவுரையாளர்கள் பலவாறு விளக்கியிருக்கிறார்கள். கருவறையில் ஆறாம் மாத அளவிலேயே செவி ஒலிக்கு மறுமொழி கூறத் தொடங்கிவிடுகிறது, பிறந்த குழந்தை தாயின் குரலை மற்றக் குரல்களிலிருந்து வேறு பிரித்தறிகிறது என்பதெல்லாம் இன்று மருத்துவம் சொல்லும் செய்திகள். அறிவின் வாசலாக வைக்கப்பட்ட ஒன்றை எங்கள் பிள்ளையிடம் அல்லாஹ் சிறுகத் திறந்து வைத்திருக்கிறான் என்றால், அதைத் திறப்பதற்கான முயற்சியும் எங்கள் மீது சுமத்தப்பட்டதாகவே எனக்குத் தோன்றியது. எந்த நோயையும் அதற்குரிய நிவாரணமின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்னும் கருத்துள்ள நபிமொழி புகாரியில் இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதைத் தேடிச் செல்லும் கால்களும் வேண்டும்.

ஓதுவது பற்றிய கவலைக்கும் மறுமொழி என் அலமாரியிலேயே இருந்தது. வாய் பேச இயலாதவரின் தொழுகை, திருமணம், வாணிகம், சாட்சியம் ஆகியவை பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பேசிவிட்டன. பேச இயலாதவரின் வழக்கமான சைகை நாவால் சொன்னதற்கு ஒப்பாகும் என்பது உஸ்மானியப் பேரரசின் மஜல்லா சட்டத் தொகுப்பில் 70ஆம் பிரிவாகவே இடம்பெற்றிருக்கிறது. எவரையும் அவருடைய சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் மகனுக்கும் சேர்த்துத்தானே! அவன் ஓதாவிட்டாலும் இந்தத் தீனில் அவனுக்குரிய இடம் குறைந்துவிடாது. இதை உறுதியாக உணர்ந்த பிறகு மருத்துவமனை வராந்தாக்களில் என் கால் நடுங்கவில்லை.

மருத்துவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, 'சொந்தத்தில் திருமணமா?' என்பது. என் மனைவி என் தாய்மாமன் மகள். ஆம் என்றேன். அவள் தலை குனிந்துகொண்டாள். இந்த இடத்தில் நம் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். பிறவிச் செவிக் குறைபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபணுவினால் வருவது. அதிலும் பெரும்பாலானவை தாயும் தந்தையும் ஆளுக்கொரு பிரதியாக, தமக்குத் தெரியாமலே சுமந்து வருபவை. இரண்டும் ஒரே குழந்தையிடம் சேரும்போதுதான் குறை வெளிப்படுகிறது. இருவரும் சுமப்பவர்களாயின் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உறவுக்குள் மணம் முடிக்கும்போது இருவரும் ஒரே பிரதியைச் சுமக்கும் சாத்தியம் கூடுகிறது. உறவினரை மணப்பது மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது, கட்டளையிடப்பட்டதன்று. தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்குள் கொடுத்து வாங்குவதற்கு முன், அந்தக் குடும்பத்தில் பேசாத, கேளாத பிள்ளைகள் இருந்தார்களா என்று விசாரிப்பதில் ஈமானுக்கு இழுக்கு ஒன்றுமில்லை.

இன்னொன்று. நம் வீடுகளில் குழந்தைக்குக் குறை என்றால் பார்வை முதலில் தாயின் பக்கம் திரும்புகிறது. சூலுற்றிருந்தபோது என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள், கிரகணத்தில் வெளியே வந்தாளா என்று கேள்விகள் எழுகின்றன. கிரகணத்துக்கும் எவருடைய வாழ்வுக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளிலேயே தெளிவுபடுத்திவிட்டார்கள். மரபணுவில் என் பங்கும் அவள் பங்கும் சமம். அன்று வீடு திரும்பியதும் இதை மாமியார், மைத்துனர்கள், என் உம்மா எல்லோர் முன்னிலையிலும் தாளில் படம் போட்டு விளக்கினேன். அதன் பிறகு அவளை எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

சொல்ல வந்தவர்கள் வேறு பல வழிகளைச் சொன்னார்கள். வசம்பை உரசி நாக்கில் தடவச் சொன்னார்கள். மருத்துவர்கள் இதை ஏற்பதில்லை; நாங்களும் செய்யவில்லை. கண்ணேறு என்றார்கள். கண்ணேறு உண்மை என்று ஹதீஸில் வந்திருக்கிறது. நான் ஒவ்வொரு இரவும் ஃபாத்திஹாவும் கடைசி மூன்று சூராக்களும் ஓதி அவன் மீது ஊதுகிறேன். மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சு அவிழ வேண்டுமென்று கேட்ட துஆவையும் கேட்கிறேன். ஆனால் பேச்சு வராத பிள்ளைகளில் பலருக்கு முடிச்சு நாவில் இல்லை, செவியில் இருக்கிறது. பேசாத பிள்ளையை ஓதிப் பார்ப்பதற்காக என்னிடம் அழைத்து வருகிற பெற்றோரிடம் இப்போதெல்லாம் ஓதுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். 'செவிச் சோதனை செய்தீர்களா?' பெரும்பாலும் இல்லை என்பதே பதில். ஓதிவிட்டு, போகவேண்டிய இடத்தையும் எழுதிக் கொடுக்கிறேன்.

அந்தக் குறிப்பில் எழுதுவதையே இங்கும் எழுதிவிடுகிறேன். ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் பிறவியிலேயே செவிக் குறையுடன் பிறப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெற்றோர் நன்கு செவி கேட்பவர்கள். ஆகவே 'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே' என்பது ஆறுதலாகாது. பிறந்து ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதே உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. முதற்சோதனைக்கு ஓ.ஏ.ஈ. என்று பெயர். உறங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். என் மகன் பிறந்த மருத்துவமனையில் அது செய்யப்படவில்லை. பல சிற்றூர்களில் இதுதான் நிலை. பேறு முடிந்து வீடு திரும்பும்முன் நாமே வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பல நாட்கள் இருந்த குழந்தை, மஞ்சள் காமாலை மிகுந்து இரத்தம் மாற்றப்பட்ட குழந்தை, மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தை ஆகியோரின் பெற்றோர் இதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. முதற்சோதனையில் தேறிய பிள்ளைக்கும் பின்னாளில் செவி குறையலாம். மழலையைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

பணம் இல்லையே என்று தயங்குவோருக்கும் வழி உண்டு. ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் நடுவணரசுத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இயங்குகின்றன. பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கு கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். நம் மாநிலத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. காலம் கடந்தால் மூளை ஒலியை மொழியாக்கிக்கொள்ளும் ஆற்றல் குன்றுகிறது. ஆகவே ஆறு வயது வரை நேரமிருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள்.

மகனுக்குப் பத்தாம் மாதத்தில் இரு காதுகளிலும் செவிக்கருவி பொருத்தப்பட்டது. முதல் நாளில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. கருவியை இயக்கியதும் உதட்டைப் பிதுக்கினான், பிறகு அழுதான். அழுகையை நடுவில் நிறுத்தினான். தன் அழுகையைத் தானே கேட்டிருப்பான் போலும். மறுபடி அழுதான். செவித்திறன் நிபுணர் சிரித்துக்கொண்டே, ஒலி என்றால் என்ன என்று அவன் இனித்தான் கற்க வேண்டும் என்றார்.

அதன்பின் வந்த வாரங்கள் உண்மையில் கருவியைக் காப்பாற்றும் வாரங்கள். கைக்கு எட்டும் எதையும் வாயில் வைக்கும் வயது. ஒரு நாளில் பத்து முறை பிடுங்கி வாயில் போடுவான். அதிலுள்ள பொத்தான் போன்ற பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் பூட்டுள்ள மூடி வாங்கினோம். மாமியார் தம் பழைய மல் துணியில் நாடா வைத்த தொப்பியொன்றைத் தைத்துக் கொடுத்தார்கள். கருவியின் மேல் அதைக் கட்டினால் பிடுங்க முடியாது. கடையில் விற்கும் எதுவும் அதற்கு ஈடாகவில்லை. எங்கள் ஊர் கடற்கரையூர். உப்புக்காற்றும் வியர்வையும் கருவிக்கு எதிரிகள். இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரம்பிய டப்பாவில் அதை வைத்து மூடுவது மகளின் பொறுப்பு. ஒருநாள் கூட அவள் மறந்ததில்லை.

பயிற்சி என்பது பெரும்பாலும் வீட்டு வேலைதான். அவன் முகத்துக்கு நேரே குனிந்து, செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். 'தண்ணீர் ஊற்றுகிறேன், சட்டை போடுகிறேன், கதவைத் திறக்கிறேன்' என்று என் மனைவி நாள் முழுவதும் பேசிக்கொண்டேயிருக்கிறாள். மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடும் அறையில் கருவி எல்லா ஒலிகளையும் ஒன்றாகக் கலந்து கொடுக்கும் என்பதால் தொலைக்காட்சி எங்கள் வீட்டில் வாய் மூடிவிட்டது. இதை ஓர் உப நன்மையாகவே கருதுகிறேன். சைகைகளையும் நாங்கள் கைவிடவில்லை. கை விரித்தால் 'இல்லை', வாயருகே விரல் குவித்தால் 'பால்'. சைகை கற்றால் பிள்ளை பேசாது என்று அஞ்ச வேண்டியதில்லை என நிபுணர் சொன்னார். அவனுக்கு எந்த வழியில் திறக்குமோ அந்த வழியில் திறக்கட்டும்.

இப்போது அவனுக்குப் பதினாறு மாதம். எட்டு வைக்கிறான். பெயரைச் சொல்லி அழைத்தால், அருகில் நின்று அழைத்தால், நான்கு முறைக்கு மூன்று முறை திரும்புகிறான். சென்ற மாதம் மகள் அவனை மடியில் வைத்துக்கொண்டு, தன் உதட்டில் அவன் விரலை வைத்து, என் மாணவர்களுக்கு நான் சொல்லித்தரும் விதத்திலேயே 'பா, பா' என்று மூடித் திறந்துகொண்டிருந்தாள். அவனும் உதட்டை மூடித் திறந்தான். ஒலி மூக்கு வழியாகப் போய் 'மா' என்று வந்தது. பாவை எதிர்பார்த்த இடத்தில் மீம் வந்தால் நான் மாணவனைத் திருத்துவேன். இவனை எவரும் திருத்தவில்லை. என் மனைவி அடுப்பில் பால் பொங்கியதையும் பாராமல் ஓடிவந்தாள்.

கருவி மட்டும் போதுமா, இம்ப்ளாண்ட் தேவைப்படுமா என்பதை அடுத்த சோதனைகளுக்குப் பின் முடிவு செய்வார்கள். ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்கு மீண்டும் உறங்க வைக்க வேண்டும். இஸ்திகாரா தொழுதுவருகிறோம். நீங்களும் துஆச் செய்யுங்கள்.

இரண்டு நாட்களாக வலது காதுக் கருவி கீச்சென்று விசிலடிக்கிறது. பழுதோ என்று பயந்து நிபுணரிடம் தொலைபேசியில் கேட்டோம். பழுதில்லையாம். காதுக்குள் வைக்கும் அச்சு தளர்ந்துவிட்டால் அப்படித்தான் கத்துமாம். பிள்ளையின் காது வளர்ந்துவிட்டது, புதிய அச்சு எடுக்க வேண்டும் என்றார். வியாழக்கிழமை காலை ரயிலில் மீண்டும் திருநெல்வேலிக்குப் போகிறோம். இந்தமுறை வழியில் அவன் தாராளமாக உறங்கலாம்.